துரியோதனனைச் சிமெண்டில் கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் செய்தியைப் படித்தேன். திரௌபதி அம்மன் கோயில் திடலில் ஆண்டுதோறும் மண்ணில் போட்டுவந்த படுகளத் துரியோதனனை இனிமேல் சிமெண்டில் நிரந்தரமாகவே கட்டிவிடப் போகிறார்களாம். சுற்றிலும் கம்பி வேலி, மேலே தகரக் கூரை, எனாமல் பெயிண்ட். மதிப்பீடு நாலு லட்சம். பக்தர்கள் மகிழ்ச்சி என்று செய்தி முடிந்திருந்தது. நானும் அந்த அம்மனுக்குக் காப்புக் கட்டித் தீ மிதித்தவன்தான். எனக்கு மகிழ்ச்சி இல்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும், வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஊர்ப் பெயரை மட்டும் இந்தக் கடிதத்தோடு சேர்க்க வேண்டாம். விழாக் குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் எனக்கு உறவு, மீதிப் பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். யார் மேலும் புகார் இல்லை. பாலாற்றங்கரையில், பள்ளிகொண்டா பக்கம் ஒரு கிராமம் என்று இருந்தால் போதும்.

நான் குலாலர் வீட்டுப் பிள்ளை. எங்கள் நைனா பானை, சட்டி, அடுப்பு, கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் புதுப்பானை எல்லாம் செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். படுகளத் துரியோதனனை முப்பது வருஷத்துக்கு மேல் போட்டவரும் அவர்தான். நான் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து 2015-இல் ஓய்வு பெற்றேன். இப்போது காட்பாடியில் குடியிருக்கிறேன்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் படுகளத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஓர் ஊரில் ‘பாரதம் வைத்திருக்கிறார்கள்’ என்றால் மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து என்று ஊரே பல நாள் தூங்காது. நடுவில் ஒரு நாள் அர்ச்சுனன் தபசு. கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. படுகளத்தன்று திடலில் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். எங்கள் ஊரில் அவன் நீளம் அறுபது அடி.

மூன்று நாள் முன்னாலேயே ஏரியிலிருந்து மாட்டு வண்டியில் மண் வந்து இறங்கும். தெருவுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு. நைனா சாம்பலை அள்ளித் தரையில் ஆள் உருவம் கோடு போடுவார். அளவுகோல் கிடையாது, அவர் காலடிதான் அளவு. தலைக்கு இத்தனை அடி, மார்புக்கு இத்தனை, தொடைக்கு இத்தனை என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடப்பார். பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் மண் மிதிப்பார்கள், கூடையில் சுமப்பார்கள், தட்டிச் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை. வெயிலில் மண் வெடித்துவிடக் கூடாது. கிரீடம், மீசை, மார்புப் பதக்கம், கதாயுதம் என்று ஒவ்வொன்றாக ஏறும். தொடையில் குழி பறித்து, குங்குமம் கரைத்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றி உள்ளே வைத்து, மேலே மெல்லிசாக மண் பூசி மூடுவார். அந்தச் சட்டியும் அவர் கையால் வனைந்ததுதான். கண் மட்டும் கடைசி. விடியற்காலை, கூத்துக்காரர்கள் வேஷத்தோடு வந்து சேர்வதற்கு முன்னால், சுண்ணாம்பும் கரியும் வைத்துக் கண் திறப்பார். அதுவரை அது மண்மேடு. நானே அதன் வயிற்றின் மேல் ஏறி விளையாடியிருப்பேன். கண் திறந்த பிறகு கிட்டப் போக மாட்டேன்.

வெயில் ஏறும்போது பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடும். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான். சட்டி உடையும். சிவப்பு பீறிட்டு மண்ணில் ஓடும். பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தலை முடிப்பாள். துரியோதனன் தாய் வந்து ஒப்பாரி வைப்பாள். அவ்வளவு நேரம் அவன் சாக வேண்டும் என்று காத்திருந்த பெண்கள் அந்த ஒப்பாரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது முடிந்ததும் ஊர் ஜனம் பாய்ந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் நெல் வைக்கும் இடத்தில் போடுவோம், கொல்லையில் தூவுவோம். மத்தியானத்துக்குள் அறுபது அடி ஆள் இருந்த இடத்தில் மிதிபட்ட மண் மட்டும் கிடக்கும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கேட்டேன். “நைனா, மூணு நாளு பாடுபட்டதை ஒடைக்கிறாங்களே, உனக்கு வருத்தமா இல்லியா?”

“ஒடைக்கத்தானேடா போட்டேன். ஒடைக்காம வுட்டாதான் எனக்கு வருத்தம்.”

அந்தப் பதிலை ஐம்பது வருஷத்துக்கு மேலாக மனசில் வைத்திருந்தேன். அதன் ஆழம் எனக்குத் தெரிந்தது போன அக்டோபரில்தான், அமெரிக்காவில்.

என் மகள் பிட்ஸ்பர்க் நகரத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு மாதம் அவள் வீட்டில் இருந்தேன். பென் ஹில்ஸில் இருக்கும் வெங்கடேசுவரர் கோயிலுக்கு முதல் வாரமே போய்விட்டோம். அலெகேனி, மொனாங்ககேலா என்று இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ என்ற மூன்றாவது ஆறாக ஓடும் இடத்தையும் காட்டினாள். கரை தொட்டுத் தண்ணீர். பாலாற்று மணலைப் பார்த்தே வயதான எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, “அப்பா, நீங்க பார்க்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, வாங்க” என்று ஒரு குறுகலான தெருவுக்குக் கூட்டிப்போனாள். சாம்ப்சோனியா வே என்று அந்தத் தெருவுக்குப் பெயர். அருங்காட்சியகத்தின் பெயர் மேட்ரஸ் ஃபேக்டரி.

பெயருக்கேற்ப அது பழைய மெத்தைக் கிடங்குதான். ஆறு மாடிச் செங்கல் கட்டடம். பார்பரா லுடெராவ்ஸ்கி என்ற பெண் கலைஞர் 1975-இல் அதை வாங்கினார். ஆள் நடமாட்டம் குறைந்து வீடுகள் பாழடைந்துகொண்டிருந்த பகுதி அப்போது அது. 1977-இல் அங்கே கலைக்கான இடத்தைத் தொடங்கினார். அந்தக் கட்டடத்திலேயே குடியும் இருந்தார். 2018-இல் காலமானார். கலைஞர்களை வரவழைத்து, பக்கத்து வீடுகளில் தங்க வைத்து, ஆளுக்கு ஓர் அறையைக் கையில் கொடுத்து, இந்த இடத்துக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய் என்று விடுவது அந்த இடத்தின் வழக்கம். எங்கேயோ வரைந்த படத்தைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டும் வேலை அல்ல. அறையே படைப்பு. பார்க்கிறவன் அதற்குள் நுழைய வேண்டும்.

வாசலில் பேத்தி கேட்டாள். “தாத்தா, இன்ஸ்டலேஷன்னா தமிழ்ல என்ன?”

நிறுவல் கலை என்று இப்போது எழுதுகிறார்கள். ஒன்பது வயசுக் குழந்தைக்கு அது பிடிபடாது. “பிரதிஷ்டைன்னு வச்சுக்கோம்மா” என்றேன்.

சொன்னபோது எனக்கு 1981 மார்ச் 16 நினைவுக்கு வந்தது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் பல தலைமுறையாக மூலவர் கிடையாது. சின்ன வயதில் நைனாவோடு வந்தால் கல்யாண மண்டபத்து யாளிகளை வாய் பிளந்து பார்த்துவிட்டு, கருவறை வாசலிலும் போய் நிற்போம். உள்ளே வெறும் இருட்டு. அதைப் பார்த்தும் நைனா கும்பிடுவார். அந்த மார்ச் மாதம் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். எனக்கு இருபத்துநாலு வயது. சில நாள் கழித்துக் கூட்டம் குறைந்ததும் போனேன். அதே சுவர், அதே தூண், அதே வாசற்படி. ஆனால் அறை வேறாகிவிட்டது. ஒரு பொருளை ஓர் இடத்தில் வைத்ததும் அந்த இடமும் அதற்குள் வந்து நிற்பவனும் சேர்ந்தே மாறுகிறார்கள். நிறுவல் கலையைப் பற்றிப் பின்னால் எத்தனையோ படித்தேன். அன்றைக்கு அந்த வாசற்படியில் தெரிந்துகொண்டதற்கு மேல் அவை அதிகம் சொல்லவில்லை.

மேட்ரஸ் ஃபேக்டரிக்குள் முதலில் பார்த்தது ஜேம்ஸ் டரல் என்பவர் வெளிச்சத்தால் செய்த அறைகள். அறை மூலையில் ஒரு சிவப்புக் கனசதுரம் அந்தரத்தில் நிற்கிறது. கிட்டப் போனால் அது சுவரில் விழும் வெளிச்சம். இன்னோர் அறையில் எதிர்ச் சுவரில் நீல ஊதா நிறத்தில் சதுரமாகத் துணி மாட்டியது போல இருந்தது. பேத்தி தொடப் போனாள், கை உள்ளே போய்விட்டது. அது சுவரில் வெட்டிய திறப்பு, பின்னால் வெளிச்சம் நிரம்பிய இன்னோர் அறை. ஒரு கத்து கத்திவிட்டுத் திரும்ப ஓடிவந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். (அந்த ஊர்க் குளிருக்கு அடியில் பேன்ட் போட்டு மேலே வேட்டி கட்டியிருந்தேன்.)

அதற்குப் பக்கத்தில் இருக்கிறது நான் சொல்ல வந்த அறை. பெயர் பிளையடீஸ். நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. 1983-இல் டரல் செய்தது. 1943-இல் பிறந்தவர் அவர். மனிதன் எப்படிப் பார்க்கிறான், மூளை அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். இருட்டில் சரிவாக ஏறும் ஒரு பாதை. கைப்பிடியைத் தடவிக்கொண்டே மேலே போனால் நாற்காலி. உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாகவே இருந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். “அப்பா, ஒண்ணுமே தெரியல, போலாமா?” என்றாள் மகள். நீ குழந்தையைக் கூட்டிக்கொண்டு போ, நான் இருக்கிறேன் என்றேன். வெளியே இருந்த அறிவிப்பிலேயே பொறுமையாக உட்காரச் சொல்லியிருந்தார்கள். என் சக ஆசிரியர் ஒருவர் எட்டாம் வகுப்புக்கு விழித்திரையைப் பாடம் நடத்தும்போது நான் பின்னால் இருந்து கேட்டிருக்கிறேன். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்கள் தனி. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் அவை முழுசாக விழித்துக்கொள்ள இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அந்தச் செல்கள் பார்வையின் நடுவில் கிடையாது, சுற்றிலும்தான் உண்டு.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எதிரே சாம்பல் நிறத்தில் ஏதோ இருப்பது போல இருந்தது. நேராகப் பார்த்தால் போய்விட்டது. பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினால் திரும்பி வந்தது. சட்டென்று எங்கள் பாட்டி குரல் காதில் கேட்டது. கார்த்திகை மாசத்துக் களத்துமேட்டில், சூளைக்கு நெருப்பு வைத்துவிட்டுக் காவல் இருக்கும்போது வானத்தைக் காட்டுவாள். “கார்த்திகைய நேரா மொறைக்காதடா, பக்கத்துல பாரு. அப்பதான் ஆறும் தெரியும்.” அமெரிக்காவில், மெத்தைக் கிடங்கின் இருட்டில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அது சுவரில் இருக்கிறதா, என் கண்ணுக்குள் இருக்கிறதா என்று கடைசி வரை சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டேன். நல்ல வேளையாகத் தனியாக இருந்தேன்.

அந்த அறையில் டரல் வைத்தது இம்மி வெளிச்சம். மீதியை வந்து உட்காருபவன் போட வேண்டும். உட்காரப் பொறுமை இல்லாதவனுக்கு அங்கே படைப்பே கிடையாது.

மற்ற மாடிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யயோய் குசாமா என்ற ஜப்பானியக் கலைஞர், 1929-இல் பிறந்தவர், 1996-இல் செய்த இரண்டு கண்ணாடி அறைகள் இருக்கின்றன. பெருமாள் கோயில் கண்ணாடி அறைக்குள் நாமே போய் நின்றது போல, எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் உருவம் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்றில் வெள்ளைப் பெண் பொம்மைகள் நிற்கின்றன, உடம்பு முழுக்கச் சிவப்புப் புள்ளி. அங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். எனக்கு அம்மை வார்த்துக் கிடந்த என் தம்பி நினைவு வந்தது, வேப்பிலைப் படுக்கையும் முத்து முத்தாக அவன் முகமும். சின்ன வயதிலிருந்தே தன் கண்ணுக்கு எல்லாவற்றின் மேலும் புள்ளி தெரிந்தது என்று அந்த அம்மாள் சொல்லியிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. வேறொரு மாடியில் சாரா ஒப்பன்ஹைமர் என்பவர் 2008-இல் தரையையே வெட்டி, கீழ்மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து நிலம் தெரியும்படி மரப்பலகையால் ஒரு வாய் செய்திருக்கிறார். தரையில் குனிந்து பார்த்தால் வெளி தெரிகிறது. கீழே இறங்கினால், எரிந்துபோன ஒரு கட்டடத்தின் அடித்தளத்தை எடுத்துப் போடாமல் அதற்குள்ளேயே ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். இடிந்ததை மறைக்காத தோட்டம்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஒரு சாத்திய கதவுக்கு முன்னால். உள்ளே பழைய கண்காட்சியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆணி பிடுங்கும் சத்தம், பலகை அறுக்கும் சத்தம், சுண்ணாம்புப் பூச்சு வாசனை. அடுத்த கலைஞருக்கு அறையைத் தயார் செய்கிறார்கள். டரல், குசாமா மாதிரி சில படைப்புகளைத்தான் நிலையாக வைத்துக்கொள்கிறார்கள். மற்றவை கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் பிரிக்கப்படும். கதவுக்கு அப்பால் மாதக் கணக்கில் யாரோ உழைத்தது பலகை பலகையாக வந்துகொண்டிருந்தது. ‘ஒடைக்கத்தானேடா போட்டேன்.’ நைனா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. அவர் சொன்னதை ஒரு பெரிய நகரம் ஆறு மாடிக் கட்டடம் வைத்துச் செய்துகொண்டிருக்கிறது.

இதற்கு அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். காட்பாடியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். கொச்சியில் பழைய கிடங்குகளில் 2012-இல் பியன்னாலே கலைவிழா தொடங்கியபோது நானும் இரண்டு ஆசிரியர்களும் போனோம். விவான் சுந்தரம் என்ற கலைஞர், கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளை ஆயிரக்கணக்கில் தரையில் பரப்பி, முசிறித் துறைமுகத்தையே ஒரு நகரமாகக் காட்டியிருந்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய குயவன் கைரேகை அந்த ஓட்டில் இருக்கும் என்று நினைத்து நான் மண்டியிட்டுப் பார்த்தேன்.

இனி எங்கள் ஊர் விஷயம். செய்தியைப் படித்ததும் மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவள் கேட்டாள்: “அப்பா, அந்த இருட்டு ரூமை 1983-லேருந்து அப்படியே வச்சிருக்காங்களே. அதப் பார்த்து அழுதீங்க. இங்க நிரந்தரமா வச்சா மட்டும் ஏன் தப்பு?”

நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்த அறையில் நிரந்தரமாக இருப்பது சுவரும் நாற்காலியும் துளி வெளிச்சமும். படைப்பு ஒவ்வோர் ஆளுக்கும் புதிதாகத்தான் உண்டாகிறது. எனக்கு உண்டானது என்னோடு எழுந்து வந்துவிட்டது. எங்கள் படுகளத்தில் நிரந்தரமாக இருப்பது என்ன? திடல் இருக்கிறது, ஏரி இருக்கிறது, கதை இருக்கிறது, தெருவுக்கு இத்தனை வண்டி மண் என்ற கணக்கு இருக்கிறது. அவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும். சிமெண்டில் கட்டினால் காப்பாற்றப்படுவது உருவம் மட்டும். மண் மிதித்த பன்னிரண்டு பேருக்கு வேலை இல்லை, தண்ணீர் தெளித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, கண் திறப்பவனுக்கு வேலை இல்லை.

இன்னொன்று. சாமிக்கு நிலையாகப் பிரதிஷ்டை செய்கிறோம். துரியோதனன் நிலைத்திருக்க வேண்டியவன் அல்ல, விழ வேண்டியவன். கோயில் பிள்ளையாரைக் கல்லில் வைக்கிறோம், சதுர்த்திப் பிள்ளையாரை மண்ணில் செய்து தண்ணீரில் விடுகிறோம். எது கல்லுக்கு, எது மண்ணுக்கு என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிமெண்டில் கட்டிவிட்ட ஓர் ஊரின் படுகளத்தை நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்தேன். பீமன் கதாயுதத்தால் தொடையைத் தொட்டான், பக்கத்தில் நின்ற ஒருவர் பிளாஸ்டிக் குவளையில் வைத்திருந்த சிவப்புத் தண்ணீரை ஊற்றினார். ஒப்பாரி ஒலிபெருக்கியில் கேட்டது. அது முடிந்ததும் ஜனம் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. ஒரு கிழவி மட்டும் அந்தச் சிமெண்ட் விரலை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கீழே கிடந்த புழுதியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

விழாக் குழு சொல்லும் கஷ்டங்கள் பொய் இல்லை. ஏரியில் மண் எடுத்தால் கேஸ் போடுவார்கள் என்ற பயம் முதலாவது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரியில் வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுக்கத் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு விதியை எளிதாக்கியிருக்கிறது. எங்கள் குலாலர் தெருவில் பதினாலு சக்கரம் சுற்றிய இடத்தில் இன்று ஒன்றுதான் சுற்றுகிறது. அந்த ஒன்றாவது இருக்கிறது. படுகளத்துக்கும் முறைப்படி மனு எழுதிக் கேட்போம். எழுதுவதும் அலைவதும் என் பொறுப்பு. மழை வந்தால் கரைந்துவிடும் என்கிறார்கள். 1970-களில் ஒரு வருஷம் படுகளத்துக்கு முந்தின ராத்திரி கோடை மழை அடித்து முகம் முழுக்கக் கரைந்துபோனது. நைனாவும் ஊராரும் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு விடியும் வரை புதிதாகப் போட்டார்கள். அந்த முகம்தான் இன்றும் ஊரில் பேசப்படும் முகம்.

ஆள் இல்லை என்பதுதான் பெரிய கஷ்டம். பிள்ளைகள் ராணிப்பேட்டைக்கும் ஓசூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். மண்ணில் கை வைக்கத் தெரிந்தவர்கள் வயதாகி உட்கார்ந்துவிட்டார்கள். இங்கேதான் அந்த மெத்தைக் கிடங்கிடமிருந்து ஒரு வழி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சென்னையில் 1850-லிருந்து அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் இருக்கிறது. சிற்பம் படிக்கும் பிள்ளைகள் அங்கே மண்ணில் பயிற்சி எடுக்கிறார்கள். அறுபது அடிக்கு மண்ணில் ஓர் உருவம் போடும் வாய்ப்பு அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஐந்தாறு பிள்ளைகளை விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ஊருக்கு அழைப்போம். எங்கள் பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்று அறை, பின்னால் கிணறு. அங்கே தங்கட்டும். சாப்பாடு ஊரில் ஒவ்வொரு வீடாக முறை வைப்போம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன்: வருகிறவர்கள் தங்கள் யோசனைக்கு துரியோதனனை மாற்றக் கூடாது, மண் மிதிக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் காலடி அளவில் போட வேண்டும். அந்த நாலு லட்சத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். மிச்சத்தில் திடலுக்கு நிழல் மரமும் பெண்களுக்குக் கழிப்பறையும் கட்டினால் ஊர் வாழ்த்தும்.

விழாக் குழுவில் தலைவராக இருப்பவர் என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்தவர். அவரிடம் நேரில் பேசினேன். “சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா போடறதுக்கு யாரு முன்னாடி நிப்பாங்க?” என்று கேட்டார். சிமெண்ட் வேலைக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை, பங்குனி வரை பார்க்கலாம் என்றும் சொன்னார். நல்ல பிள்ளை.

முன்னால் நான் நிற்கிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது, முட்டி வலி உண்டு, ஆனால் கோடு போட முடியும். நைனா போடும்போது காலடியைக் கூடவே எண்ணி நடந்தவன் நான். அந்தக் கணக்கு மறக்கவில்லை. அவருடைய தட்டுப்பலகையும் என்னிடம் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் படுகளம் போட்டுப் பழகிய பெரியவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தாலோ, பேரப் பிள்ளைகள் யாராவது படித்துச் சொன்னாலோ, உங்கள் வேலூர் அலுவலகம் வழியாக எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும்படி வேண்டுகிறேன். வண்டி வைத்து அழைத்து வருகிறேன்.

மற்ற எல்லாம் பார்த்துச் செய்துவிடுவேன். கண் திறக்க மட்டும் எனக்குத் தெரியாது. நைனா அந்த நேரத்தில் எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிடுவார். ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. அது தெரிந்தவர் ஒருவர் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
காட்பாடி.